யாருமே சுடாத தோட்டாக்கள்

பேனா என்பது எழுதுவதற்குப் பயன்படும் ஒரு கருவி. இந்த ஒரு விஷயத்திலாவது மொஸ்தார் நகரத்தில் இரண்டு கருத்து இருக்க முடியாது என்று ரிஃபெத் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையைக் கலைக்க அரசாங்கமே முன்வந்து ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது.

ரிஃபெத்துக்குப் பழைய பாலத்துக்குப் பக்கத்துக் கடைத்தெருவில் ஒரு சின்னப் பட்டறை. துப்பாக்கித் தோட்டாக்களின் வெற்று உறைகளைப் பேனாவாக்குவது தொழில். எங்கள் நாட்டு ஜனங்களே மூன்று தரப்பாகப் பிரிந்து அடித்துக்கொண்ட போர் முடிந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் எங்கள் ஊரில் வெங்காயம் நட மண்ணைக் கிளறினால் முதலில் தோட்டா உறைதான் கையில் வரும். ஜனங்கள் அதைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து தருவார்கள். ரிஃபெத் ஒவ்வொன்றின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பார். துப்பாக்கியின் ஊசி குத்திய பள்ளம் இருக்க வேண்டும். பிறகு விளக்கில் காட்டி உள்ளே பார்ப்பார். ஒன்றும் இருக்கக் கூடாது. பள்ளம் இல்லாத, சுடப்படாத ஒன்று தட்டுப்பட்டால் அதற்குமேல் அதைத் தொடவே மாட்டார். போலீசுக்குப் போன் போட்டுவிட்டு எதிர்க்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். தேறியதைக் கழுவி, துளை போட்டு, பளபளவென்று தேய்த்து, உள்ளே ரீஃபில் வைத்தால் பேனா. வேலை நேரத்தில் மூக்கில் துணிக் கவசம், கண்ணில் கண்ணாடி. பித்தளைத் தூசி வெளியே போக முன் ஜன்னலும் பின் ஜன்னலும் திறந்தே இருக்கும்.

"என் பட்டறையில இதுவரைக்கும் செத்தது ஈ மட்டும்தான்" என்பார்.

மனிதருக்குப் பெருமை கொஞ்சம் தூக்கல். வெளிநாட்டுப் பயணிகள் வந்துவிட்டால் இன்னும் தூக்கல். போரைத் தொட்டுப் பார்ப்பது இப்போது பெரிய நாகரிகமாகிவிட்டது. குண்டு துளைத்த சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். மணல் மூட்டை அடுக்கிய விடுதியில் காசு கொடுத்துத் தூங்குகிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் ரிஃபெத் ஒரு பேனாவை எடுத்துக் காட்டி, "இது என் காதை உரசிக்கிட்டுப் போச்சு" என்பார். பறந்து போவது குண்டு, உறை சுட்டவன் காலடியிலேயே விழுந்துவிடும் என்ற சின்ன விவரத்தை எந்தப் பயணியும் கேட்டதில்லை. உண்மையில் ரிஃபெத் போர்க்காலம் முழுக்கப் படைமுகாமில் சமையல்காரர். அவர் கையில் இருந்த ஆயுதம் அகப்பை.

கடிதம் வந்தது ஜூலை மாதத்தில். அனுப்பியது, 'வெடிபொருள் எச்சங்களை அழகுப்பொருளாக்கும் தொழில்களின் பாதுகாப்புக்கான முகமை.' எங்கள் நாடு ஐரோப்பாவோடு சேரக் காத்திருக்கிற நாடு. காத்திருக்கிற நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? முகமை திறப்போம். பாலத்திலிருந்து ஆற்றில் குதிக்கும் போட்டி தொடங்குவதற்குள் பாதுகாப்புச் சான்று பெறத் தவறினால் பட்டறைக்கு முத்திரை வைக்கப்படும் என்று கடிதத்தில் இருந்தது. அந்தப் போட்டி வாரம்தான் ரிஃபெத்துக்கு அறுவடை. அதில் விற்றதை வைத்துத்தான் மிச்ச வருஷத்தை ஓட்டுவது. கடை மூடினால் குளிர்காலத்துக்கு விறகு வாங்கக்கூட வழியில்லை.

முகமையின் செயலாளர் ஃபிக்ரெத்தா மேடம் நல்ல மனுஷி. உட்காரச் சொல்லி, லோக்கும் என்கிற சர்க்கரை மிட்டாயை நீட்டினார். அவர் மேசையில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனாவே ரிஃபெத் செய்ததுதான்.

"சொல்லுங்க மாஸ்டர். உங்க உறையெல்லாம் காலியா இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?"

"உள்ள பாருங்க மேடம். ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லைங்கறது அத்தாட்சி ஆகாது. சுட்டாத்தானே காலியாகும்?"

"ஆமா."

"அப்ப சுட்டது யாரு?"

ரிஃபெத் மிட்டாயை விழுங்கினார். "மேடம், இங்க ஒரு போர் நடந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? நானும் நிலவறையிலதான் படுத்துக் கிடந்தேன். ஆனா மாஸ்டர், 'போர்'னு ஒரு ஆள் கிடையாதே. சுட்டவர் பேரு, அவரோட அப்பா பேரு, கையெழுத்து. அந்தக் கட்டத்தைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது."

"தெரியாதுன்னு போட்டுக்குங்க."

"தெரியாத ஆள் சுட்டா அது குற்ற வழக்கு. நான் போலீசுக்கு அனுப்பணும். உங்க டப்பாவுல எத்தனை உறை இருக்கு?"

"ஆயிரக்கணக்குல இருக்கு."

"ஆயிரக்கணக்குல வழக்கா? வேண்டாம் மாஸ்டர், நல்லா இருக்காது. குழுவைக் கூப்பிடலாம்" என்றார் ஃபிக்ரெத்தா மேடம் பரிவோடு.

குழு என்றால் மூன்று பேர். எங்கள் நாட்டில் ஒரு தெருக்குழாயைத் திறந்துவைப்பதானாலும் மூன்று தரப்புக்கும் தலைக்கு ஒருவர் வேண்டும். யார் எந்தத் தரப்பு என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தக் கதைக்கும் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டி வரும். ஒருவர் ஹசிப், ஒருவர் நெபோய்ஷா, ஒருவர் ஸ்திபோ என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இதில் தலைவர் யார் என்று சண்டை வராமலிருக்க, தலைமை சுற்றிவரும் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு முறை காபி வந்து காலியானதும் தலைமை அடுத்தவருக்கு மாறும். ஆகையால் இந்தக் குழு எங்கே போனாலும் நிறைய காபி குடித்தது.

குறிப்பெடுக்க ஃபிக்ரெத்தா மேடத்தையும் அழைத்துக்கொண்டு குழு பட்டறைக்குள் நுழைந்தது கடும் வெயில் நேரத்தில். ரிஃபெத் எல்லாவற்றையும் விதிப்படி தயாராக வைத்திருந்தார். கவசம், கண்ணாடி, மணல் வாளி, திறந்த இரண்டு ஜன்னல். அப்போதைய தலைவர் ஹசிப் பாதுகாப்பு விதியைப் படித்தார்: "தூசி வெளியேறும் பொருட்டு எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருத்தல் வேண்டும்."

"திறந்துதான் இருக்கு" என்றார் ரிஃபெத்.

அந்த நேரம் பார்த்து ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒரு காற்று வந்தது. பின் ஜன்னல் வழியாக நுழைந்து, மூன்று பேர் கழுத்தையும் தடவி, முன் ஜன்னல் வழியாகப் போனது.

நெபோய்ஷா பிடரியைப் பிடித்துக்கொண்டார். "குறுக்குக் காத்து!"

"என் மச்சினிச்சிக்கு இப்படித்தான் வாய் கோணிப்போச்சு" என்றார் ஸ்திபோ, தோளைக் குறுக்கிக்கொண்டு.

"மூடுங்கய்யா முதல்ல! ஆளைக் கொல்லப் பாக்கறீங்களா?" என்றார் தலைவர் ஹசிப்.

இதை வெளியூர்க்காரர்கள் புரிந்துகொள்வது கஷ்டம். வருஷக் கணக்கில் பீரங்கிக்கு நடுவே தண்ணீர் சுமந்த ஜனங்கள்தான் நாங்கள். ஆனால் குறுக்குக் காற்று பட்டால் ஆள் படுத்துவிடுவான் என்பது எங்கள் நம்பிக்கை; எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருக்கும் அறையில் எங்களை யாரும் உட்காரவைக்க முடியாது. ரிஃபெத்தும் உள்ளூர்க்காரர்தான். வேலை செய்யும்போது கழுத்தில் கம்பளித் துணி சுற்றிக்கொண்டுதான் செய்வார்.

இரண்டு ஜன்னலும் மூடப்பட்டன. முகமையின் வரலாற்றில் மூன்று தரப்பும் ஒருமனதாக எடுத்த முதல் முடிவு அது. பாதுகாப்பு விதிப்படி ஜன்னல்கள் திறந்திருப்பதாகவும், குழுவின் பாதுகாப்பை முன்னிட்டு அவை மூடப்பட்டிருப்பதாகவும் குறித்துக்கொண்டார்கள். அறை அடுப்பாகிவிட்டது. காபி வந்தது. காலியானது. நெபோய்ஷா தலைவரானார்.

"சரி, உறைகளைப் பார்ப்போம். இது எங்க தயாரானது?"

ரிஃபெத் அடிப்பக்கத்து முத்திரையைக் காட்டினார். "எல்லாம் நாடு உடையறதுக்கு முன்னால இருந்த பழைய நாட்டுத் தயாரிப்புதான் சார். ஒரே ஆலை. எல்லாருக்கும் அங்கிருந்துதான் போச்சு."

"எல்லாருக்கும்னா?"

"உங்களுக்கு, அவருக்கு, இவருக்கு."

மூவரும் காலிக் கோப்பைகளைப் பார்த்தார்கள்.

"எங்க தரப்பு யாரையும் சுடல. நாங்க தற்காப்புதான் பண்ணிக்கிட்டோம்" என்றார் நெபோய்ஷா.

"தற்காப்புக்கு என்ன பண்ணீங்க?" என்றார் ரிஃபெத். வாயை அடக்கத் தெரியாத மனிதர்.

"காத்துக்கிட்டோம்."

"எங்க தரப்புல தோட்டாவே கிடையாது" என்றார் ஹசிப். "வெறுங்கையோட நின்னோம். உலகத்துக்கே தெரியும்."

ஸ்திபோ ஹசிப் பக்கம் கையைக் காட்டினார். "எங்க தரப்பு மொதல்ல இவங்ககூட இருந்தது. அப்புறம் இவங்களுக்கு எதிரா இருந்தது. அப்புறம் திரும்பவும் கூட இருந்தது. அந்தப் பரபரப்புல சுட நேரம் எங்க இருந்தது?"

மறுபடி காபி வந்தது. காலியானது. ஸ்திபோ தலைவரானார். தலைவரானதும் அவர் குரலே மாறிவிட்டது. ஃபிக்ரெத்தா மேடம் எழுதிக்கொள்ள, அவர் சொல்லச் சொல்லத் தீர்மானம் உருவானது:

'மேற்படி தோட்டாக்களை முதலாம் தரப்போ, இன்னொரு முதலாம் தரப்போ, மற்றுமொரு முதலாம் தரப்போ சுடவில்லை என்பது இக்குழுவின் முன் ஐயம் திரிபற நிறுவப்பட்டது. நான்காவது தரப்பு இந்நாட்டில் இல்லை. எனவே மேற்படி தோட்டாக்கள் எவராலும் சுடப்படாதவை. சுடப்படாத தோட்டா வெடிக்கும் தன்மை உடையது. எனவே மேற்படி பேனாக்கள் வெடிக்கும் தன்மை உடையவை எனத் தீர்மானிக்கப்படுகிறது.'

மூன்று பேரும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஃபிக்ரெத்தா மேடமும் போட்டார். போட்டு முடித்தபின்தான் தங்கள் கையில் இருப்பது என்ன என்று நால்வரும் பார்த்தார்கள். முகமையின் திறப்பு விழாவில் எல்லோருக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள். எல்லாம் ரிஃபெத் செய்தவை.

"யாரும் அசையாதீங்க" என்றார் ஸ்திபோ மெல்ல.

வெடிகுண்டு அகற்றும் பிரிவு வந்தது. தெரு காலி செய்யப்பட்டது. சக்கரம் வைத்த ஓர் இயந்திரம் படியேறி வந்து, நான்கு பேனாக்களையும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போனது. ஊருக்கு வெளியே கல்குவாரியில் வைத்து அவற்றை வெடிக்கச் செய்ய முயன்றார்கள். தட்டினார்கள், சூடு காட்டினார்கள். பேனாக்கள் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் பக்கத்தில் நிறைய வெடிமருந்து வைத்துப் பற்றவைத்ததும் மலையே அதிரும்படி வெடித்தன. இதனால் அவை வெடிக்கும் தன்மை உடையவை என்பது பரிசோதனை மூலமும் உறுதியாயிற்று.

போட்டிக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. ஃபிக்ரெத்தா மேடம் ரிஃபெத்தைத் தனியாகக் கூப்பிட்டார். "மாஸ்டர், ஒரே ஒரு வழிதான் இருக்கு. சுட்டவர் ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. ஒருத்தர் போதும். 'நான் சுட்டேன்'னு கையெழுத்துப் போட்டா, தோட்டா சுடப்பட்டதாயிடும். சுடப்பட்டதுன்னா உறை காலி. உறை காலின்னா உங்களுக்குச் சான்று."

இதென்ன பெரிய காரியம் என்று ரிஃபெத்துக்குத் தெம்பு வந்துவிட்டது. பக்கத்துக் கடை ஸாயிம் இருக்கிறாரே! ஸாயிம் விற்பது செம்புக் காபிச் சாமான்கள். ஆனால் தெருவில் அவருக்குப் பெயர் கேப்டன். தினமும் சாயங்காலம் ஆற்றோரக் காபிக்கடையில் பழைய போராளிகள் கூடும்போது, தான் தனியொருவனாக ஒரு குன்றைப் பிடித்த கதையைச் சொல்லுவார். குன்று வருஷா வருஷம் உயர்ந்துகொண்டே போனது. ரிஃபெத் அங்கே போய் விஷயத்தைச் சொல்லி, ஒரு உறையை மேசைமேல் வைத்தார்.

மேசையைச் சுற்றியிருந்த கைகளெல்லாம் காபிக் கோப்பைகளுக்குத் திரும்பின.

"கேப்டன், நீதான் சாட்சி. ஒரு கையெழுத்து போதும்."

ஸாயிம் உறையைக் கையால் தொடாமல், கழுத்தை நீட்டிப் பார்த்தார். "எந்தத் தேதியில சுட்டதுன்னு போடுவாங்க?"

"தேதி இல்ல. சுட்டேன்னு மட்டும்."

"யாரு மேல பட்டுச்சுன்னு கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க."

"இன்னிக்குக் கேக்க மாட்டாங்க" என்றார் ஸாயிம். "பாரு ரிஃபெத், குன்றைப் பிடிச்சது உண்மைதான். நான் போனப்ப அங்க யாரும் இல்ல. நான் பெரும்பாலும் சமையல் கட்டுலதான் இருந்தேன்."

"அடப்பாவி! சமையல் கட்டுல இருந்தவன் நான்!"

"நானும் கொஞ்ச நாள் வெங்காயம் உரிச்சேன்" என்றார் பக்கத்தில் இருந்தவர். "எனக்கு அப்ப முதுகு வலி" என்றார் இன்னொருவர். ரொட்டி சுட்டேன் என்றார் வேறொருவர். எல்லோரும் போர்வீரர் ஓய்வூதியம் வாங்குகிறவர்கள்தான்.

ரிஃபெத் பாலத்தைத் தாண்டி, போரில் எதிர்ப்பக்கமாக இருந்த அக்கரைக் காபிக்கடைக்கும் போனார். அங்கேயும் குன்று பிடித்தவர்கள் இருந்தார்கள். அங்கேயும் கதை ஒன்றுதான். இரண்டு கரையையும் சேர்த்துப் பார்த்தால், எங்கள் ஊரில் போர் முழுவதையும் சமையல்காரர்களே நடத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. இத்தனை பேர் சமைத்தும் ஊர் ஏன் பட்டினி கிடந்தது என்பதுதான் ரிஃபெத்துக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி முனெவெரா முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "என்ன, ஒருத்தனும் சுடலையா?"

"ஒருத்தனும் சுடல."

"அப்ப நம்ம சமையலறைக் கூரையில இருந்த ஓட்டையெல்லாம் கரையானா?"

"கேலி பண்ணாத. கடை போயிடும்டி."

"எனக்குத் தெரியாதா? இந்த ஊர்ல வாய் கிழியப் பேசறவனெல்லாம் பேனாவைக் கண்டா ஓடறான்." பீன்ஸ் சூப்பை அவர் முன்னால் வைத்தாள். "சாப்பிடு. உப்பு அளவாத்தான் இருக்கும், உன்னை மாதிரி முகாமுக்கு அள்ளிக் கொட்டிச் சமைச்ச கை இல்ல இது."

ரிஃபெத் கரண்டியைக் கையில் வைத்தபடி யோசித்தார். பிறகு, பயணிகளிடம் பேசும்போது வருகிற அந்தக் குரலில் சொன்னார்: "நான் சுட்டேன்னு சொல்லிட்டா?"

"நீயா?" முனெவெரா சிரித்ததில் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது. "அட மனுஷா, கோழி அறுக்கணும்னாக்கூட நீ பக்கத்து வீட்டுக்காரனைத்தானே கூப்பிடுவ?"

"கையெழுத்துதான் வேணுமாம். கோழி கேக்கல."

மறுநாள் காலை முகமையின் ஆபீசில் குழு கூடியது. ஜன்னல்கள் மூடியிருந்தன. முதல் காபி காலியாகவில்லை, ஹசிப் தலைவர்.

"நான்தான் சுட்டேன்" என்றார் ரிஃபெத்.

"எதை?"

"எல்லாத்தையும்."

ஃபிக்ரெத்தா மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மூன்று உறுப்பினர்கள் முகத்திலும் இத்தனை நாள் இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது.

"எந்தத் தரப்புக்காகச் சுட்டீங்க?" என்றார் ஹசிப், குரலைத் தாழ்த்தி.

"உங்களுக்கு எந்தத் தரப்பு வேணும்?"

"எங்க தரப்பு இல்ல" என்றார்கள் மூவரும் ஒரே நேரத்தில்.

"அப்ப சொந்தமா சுட்டதா வச்சிக்குங்க."

"தனிப்பட்ட முறையில்" என்று திருத்தினார் நெபோய்ஷா. "காரணம்னு ஒரு கட்டம் இருக்கே?"

"கோவம்" என்றார் ரிஃபெத். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் பொய்யாகச் சொல்லவில்லை.

முகமையின் வரலாற்றில் இரண்டாவது ஒருமனதான முடிவு எடுக்கப்பட்டது. மூவரும் எழுந்து வந்து ரிஃபெத்தின் கையைக் குலுக்கினார்கள். ஸ்திபோவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு வருஷத்துல இந்த நாட்டுக்காக யாரும் இப்படி ஒரு உதவி பண்ணினதில்ல" என்றார். அன்று சாயங்காலமே கண்ணாடிச் சட்டம் போட்ட சான்று வந்துவிட்டது: 'இக்கடையிலுள்ள தோட்டாக்கள் யாவும் உரிமையாளரால் தனிப்பட்ட முறையில் சுடப்பட்டவை. எனவே பாதுகாப்பானவை.'

போட்டி வாரத்தில் கடையில் நிற்க இடமில்லை. ஒரு போர் முழுவதையும் தனியாளாகச் சுட்டவர் என்று பயணிகளிடையே பரவிவிட்டது. அவர் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்வதே ஒரு மோகமாகிவிட்டது. பேனா செய்து மாளவில்லை. விறகுக்கு முன்பணம்கூடக் கொடுத்தாயிற்று. ரிஃபெத் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு, எந்தக் குன்றிலிருந்து எப்படிச் சுட்டேன் என்று கையைக் காலை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு உள்ளூர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தது ஸாயிம். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. "நிலவறையில கிடந்தது. நீதான் அவ்வளவு சுட்டுட்டியே, இதையும் உன் பேர்ல சேத்துக்க. வீட்டுல வச்சிக்கிட்டா பேரப்பிள்ளைங்க ஏதாவது கேக்குதுங்க." ரிஃபெத் வாங்கிக்கொண்டார். அக்கரைக்காரர்கள் சாக்கில் கொண்டுவந்தார்கள். ஒருவர் தன் வீட்டுச் சுவரைப் படம் எடுத்துவந்து, "இந்த ஓட்டையும் உங்களோடதுதான்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க, எதிர்வீட்டுக்காரனோட இருந்த மனஸ்தாபம் தீர்ந்துடும்" என்றார். தீர்ந்தது. அன்று மாலை இரண்டு குடும்பமும் சேர்ந்து ஆட்டுக்குட்டி வாட்டினார்கள். ஒரே கட்டடத்தில் இரண்டு வாசல் வைத்து, இரண்டு விதமாகச் சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். சுட்டது ரிஃபெத் என்ற ஒரு வரியை மட்டும் இரண்டு புத்தகத்திலும் ஒரே மாதிரி போட்டுக்கொள்ள இரு தரப்பும் சம்மதித்துவிட்டதாம்.

"ஊரே இப்பத்தான் நிம்மதியா தூங்குது, பாத்தியா?" என்றார் ரிஃபெத் மனைவியிடம்.

"நீ தூங்கறியா?" என்றாள் முனெவெரா.

முகமையும் சும்மா இருக்கவில்லை. அலமாரிகளில் முப்பது வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த மனுக்கள் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தீர்த்துவைத்தது. எல்லா மனுவிலும் கேள்வி ஒன்றுதான். இப்போது பதிலும் ஒன்றுதான். மனுதாரர்களுக்குப் பதில் கடிதம் போனது: 'தாங்கள் கோரிய விவரம்: சுட்டவர் ரிஃபெத். முகவரி: பழைய பாலம் அருகில். ஞாயிறு விடுமுறை.' கூட்டத்தைச் சமாளிக்கக் கடை வாசலில் டோக்கன் கொடுக்கும் இயந்திரம் ஒன்றையும் முகமை தன் செலவில் வைத்தது.

அந்தக் கடிதத்தோடு ஒரு நாள் இஸ்மெத்தா வந்தாள். கரையோரக் குடியிருப்பில் இருப்பவள், தையல் வேலை செய்கிறவள். டப்பா எதுவும் கொண்டுவரவில்லை. டோக்கன் வாங்கி, தன் முறை வரும்வரை வெயிலில் நின்று, உள்ளே வந்து கைப்பையைத் திறந்தாள். பஞ்சில் சுற்றிய ஒரு குண்டு. உறை இல்லை, குண்டு. டாக்டர் எடுத்துக் கொடுத்தது. அவள் கணவன் இரண்டு வாளியோடு ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனவன்.

"எல்லா ஆபீசுலயும் கேட்டேன்" என்றாள். "யாரு சுட்டாங்கன்னு கேட்டா யாரும் சுடலைன்னாங்க. இப்ப உங்ககிட்ட போகச் சொல்லிட்டாங்க."

ரிஃபெத் மூக்குக் கவசத்தைக் கழற்றினார். "அம்மா, அது வந்து… நான் அந்த முகாம்ல…"

"தெரியும். உங்க பீன்ஸ் சூப்பை நாங்களும் குடிச்சிருக்கோம். உப்பு அள்ளிப் போட்டிருப்பீங்க." அவள் சிரிக்கவில்லை. "நீங்க சுடலைன்னு எனக்குத் தெரியாதா? ஆனா இத்தனை வருஷத்துல ஒருத்தர் என் முன்னால நின்னு, 'நான்தான் சுட்டேன்'னு சொல்லி நான் கேட்டதில்ல. ஆபீசுல சொன்னீங்களாமே? அதை என்கிட்டயும் ஒரு தடவை சொல்லுங்க. கேட்டுட்டுப் போயிடறேன்."

ரிஃபெத் வாயைத் திறந்தார். குழுவுக்கு முன்னால் சுலபமாக வந்த வாக்கியம், பயணிகளிடம் நாளெல்லாம் கை காலை ஆட்டிச் சொல்லும் வாக்கியம், இப்போது வாயிலிருந்து வரவில்லை. அவருக்கு அழுகை வந்தது. தான் என்ன காரியத்தில் கையெழுத்துப் போட்டோம் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது.

இஸ்மெத்தா குண்டைக் கையில் வைத்தபடி காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை பாலம் வரைக்கும் நீண்டிருந்தது. இந்தக் கரைக்காரர்கள், அந்தக் கரைக்காரர்கள், மலைக்கு அப்பாலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள், எல்லோரும் தலை நரைத்தவர்கள். அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியவன் அவர்களில் ஒருவனாக இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். எல்லோரும் ரிஃபெத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லிடு ரிஃபெத்" என்றார் ஸாயிம், புது டப்பாவைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு. "சீக்கிரம் சொல்லு, எவ்வளவு நேரம்தான் நிக்கறது?"